ஓர் அடி ஸ்கேல் தூரம்

(குறுவள மைய அளவில் நடைபெற்ற ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால் இரு சாராருக்கும் பொதுவான ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது வேகம். கடந்த தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். இந்த ஒரு வரியைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ரயில் கணக்கு, பேருந்துக் கணக்கு, ஓட்டப்பந்தயக் கணக்கு எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த வரி எங்கெல்லாம் போய் வேலை செய்கிறது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது என் பழைய மாணவன் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். பத்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். இயக்கம் பாடத்தில் ஒரு கணக்கைக்கூடத் தவறவிட்டதில்லை. அவன் கை கூப்பியபோதுதான் கவனித்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு மேலே படிக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டப் போயிருக்கிறான். தகட்டைக் கையால் டைக்குள் வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலே உள்ள பாகம் இறங்கித் தகட்டை வெட்டும். ஒருநாள் கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டது.

அதைக் கேட்டவுடன் என் மனதில் தோன்றியது, "கவனமில்லாமல் இருந்திருப்பான்" என்பதுதான். இதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். நம்மில் பலருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். மாணவர்களை வேலைக்கு அனுப்பும்போதும் நாம் சொல்லும் ஒரே அறிவுரை, "கவனமா இருப்பா" என்பதுதானே.

அவன் இப்போது வேறொரு பெரிய தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கேயும் பிரஸ்தான். "இங்க மிஷினுக்கு முன்னால லைட் கர்ட்டன் இருக்கு டீச்சர். கை உள்ள போனா நின்னுடும். அதை எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. பார்த்தா அது நீங்க ஏழாவதுல சொல்லிக் கொடுத்த கணக்கு" என்றான். பேருந்து வந்துவிட்டது. அந்தக் கணக்கைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒளித்திரை என்பது என்ன?

லிஃப்ட் கதவு மூடும்போது குறுக்கே கை நீட்டினால் கதவு திரும்பித் திறந்துகொள்கிறது. பல லிஃப்ட்டுகளில் கதவின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை சிறிய கருநிறப் பட்டை இருக்கும். அதுவும் ஒருவகை ஒளித்திரைதான்.

தொழிற்சாலையில் இருப்பதில் இரண்டு தூண்கள் எதிரெதிரே நிற்கும். ஒரு தூணில் அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடுகள் வரிசையாக இருக்கும். மற்றதில் அந்த ஒளியைப் பெறும் உணரிகள் அதே வரிசையில் இருக்கும. இடையில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பல ஓடும். எந்த ஒரு கதிர் தடைபட்டாலும் 'ஏதோ நுழைந்துவிட்டது' என்று பொருள். உடனே இயந்திரத்துக்கு நிறுத்தக் கட்டளை போகும்.

எல்லாக் கதிர்களும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முதல் டையோடு, அதற்கு நேரான உணரி. பிறகு இரண்டாவது, அதற்கு நேரான உணரி என்று ஒவ்வொரு இணையாக முறை வைத்து இயங்கும். ஒரு கதிர் பக்கத்து உணரியில் பட்டு ஏமாற்றாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒளியும் தொடர்ந்து எரியாமல் துடிப்புத் துடிப்பாக வரும். அதனால் சூரிய ஒளியையும் விளக்கொளியையும் தன் ஒளியிலிருந்து பிரித்தறிய முடிகிறது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து முடிக்க ஆகும் நேரம் பொதுவாகச் சில மில்லி வினாடிகளிலிருந்து சில பத்து மில்லி வினாடிகள் வரைதான்.

கதிர்கள் எவ்வளவு நெருக்கம் என்பதும் முக்கியம். விரலைக் காண வேண்டுமானால் 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள பொருள் எங்கே நுழைந்தாலும் அறியும் திரை தேவை. கையைக் கண்டால் போதும் என்றால் 30 மில்லிமீட்டர் வகை போதும். அந்தத் தடிமனில் ஒரு சோதனைக் கோல் வைத்திருப்பார்கள். வேலை தொடங்கும் முன் அதைத் திரைக்குள் நீட்டி, மேலிருந்து கீழ்வரை நகர்த்தி, திரை விடாமல் அறிகிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது அந்தக் கணக்கு

கை கதிரைத் தொட்டவுடன் இயந்திரம் நின்றுவிடுவதில்லை. திரை அறிய ஒரு நேரம். கட்டளை போய் பிரேக் பிடித்து, இறங்கும் பாகம் முழுவதுமாக நிற்க இன்னொரு நேரம். அதற்குள் கை முன்னேறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் திரையை ஆபத்தான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

ஐ.எஸ்.ஓ. 13855 என்ற பன்னாட்டுத் தரநிலை இதற்கு வழி சொல்கிறது. கை நீளும் வேகத்தை வினாடிக்கு 2000 மில்லிமீட்டர், அதாவது 2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். திரை அறிய 0.015 வினாடி. இயந்திரம் நிற்க 0.135 வினாடி. மொத்தம் 0.15 வினாடி. வேகத்தை நேரத்தால் பெருக்குங்கள். 2000 பெருக்கல் 0.15. விடை 300 மில்லிமீட்டர்.

முப்பது சென்டிமீட்டர். நம் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் ஓர் அடி ஸ்கேலின் நீளம். விரலைக் காணும் 14 மில்லிமீட்டர் திரைக்கு இந்தத் தூரம் போதும். 30 மில்லிமீட்டர் திரையானால் விரல் கதிர்களுக்கு நடுவே கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் கை தடுபடும். அதற்காகக் கூடுதல் தூரம் சேர்க்க வேண்டும். 30-இலிருந்து 14-ஐக் கழித்து 8-ஆல் பெருக்கினால் 128 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 428 மில்லிமீட்டர்.

இந்தத் திரையை ஒருவர் இடம் போதவில்லை என்று 15 சென்டிமீட்டரில் மாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை சரியாக வேலை செய்யும். விளக்கு சிவப்பாக மாறும். ஆனால் இயந்திரம் நிற்பதற்குள் கை டைக்குள் இருக்கும். பிழை கருவியில் இல்லை. தூரம், நேரம், வேகம் என்ற மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதில் இருக்கிறது.

என் மாணவன் வேலை பார்த்த பழைய பிரஸ்ஸில் திரை இல்லை. அதற்குத் திரை வைத்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று பிறகு சந்தித்தபோது கேட்டேன். "தப்பியிருக்காது டீச்சர்" என்றான். அந்த வகை பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்து கிளட்ச் பிடித்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகுதான் விடும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. கை இருப்பதை அறிந்து என்ன பயன்? அத்தகைய இயந்திரத்துக்குக் கையே உள்ளே போக முடியாதபடி நிலையான தடுப்பு வேண்டும். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைப்பது தொழிற்சாலையை நடத்துபவரின் பொறுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொன்னது. 'கவனமில்லாமல் இருந்திருப்பான்' என்று நான் நினைத்தது எவ்வளவு தவறு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

கண்டறிவதிலிருந்து வேகத்துக்கு

ஒரு கதிர் 'வந்துவிட்டது' என்று மட்டும் சொல்லும். இரண்டு கதிர்களைத் தெரிந்த இடைவெளியில் வைத்தால் வேகத்தையும் சொல்லும். முதல் கதிர் தடைபட்ட நேரத்தையும் இரண்டாவது தடைபட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு, இடைவெளியை அந்த நேர வித்தியாசத்தால் வகுத்தால் போதும்.

சுங்கச்சாவடிகளில் ஒரு வண்டி முடிந்து அடுத்த வண்டி தொடங்குவதைப் பிரித்தறிய ஒளித்திரைத் தூண்களைப் பயன்படுத்துகிறார்கள். லாரியும் அது இழுத்து வரும் டிரெய்லரும் ஒரே வண்டி என்று தெரிய, இடையில் உள்ள இணைப்புத் தண்டையும் திரை காண வேண்டும். பெட்டிகள் ஓடும் கன்வேயரில் இதே திரை அளவுகோலாகிறது. பட்டை வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, பெட்டி 0.8 வினாடி கதிரை மறைக்கிறது என்றால் பெட்டியின் நீளம் 40 சென்டிமீட்டர். 25 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கதிர்களில் 12 மறைந்தால் உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். 'ஏறக்குறைய' என்று ஏன் சொல்கிறோம் என்று கேளுங்கள். அங்கேயே அளவீட்டுப் பிழை என்ற பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

எங்கள் வகுப்பறையில்

இதோ மேசைமேல் இருப்பது நாங்கள் செய்தது. ஒரு மரப்பலகைச் சரிவு, ஒரு கோலி, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு எல்.இ.டி.கள், எதிரே இரண்டு போட்டோ டிரான்சிஸ்டர்கள், நேரம் பார்க்க ஓர் ஆர்டுயினோ பலகை.

முதல் முயற்சி தோல்வி. எல்.டி.ஆர். வைத்துச் செய்தோம். கோலி ஒரு கதிரைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 13 மில்லி வினாடி. ஒளி மாறியதை எல்.டி.ஆர். முழுமையாக உணர அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அது உணர்வதற்குள் கோலி போய்விடும். போட்டோ டிரான்சிஸ்டருக்கு மாறினோம். காலையில் சரியாக வேலை செய்தது. மதியம் ஜன்னல் வெயில் விழுந்ததும் நின்றுவிட்டது. கோலி கடந்தாலும் 'ஒளி இருக்கிறது' என்றே காட்டியது. கறுப்புத் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி உணரியின் முன் மாட்டினார்கள் பிள்ளைகள். சரியானது. தொழிற்சாலைத் திரை ஏன் துடிப்பாக ஒளி விடுகிறது என்பதை அதன்பிறகு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

முதலில் அதே 20 சென்டிமீட்டரைக் கோலி கடக்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கச் சொன்னேன். மூன்று பேர் 0.38, 0.22, 0.45 என்றார்கள். கதிர்கள் 0.161, 0.158, 0.160 என்றன. வேகம் வினாடிக்கு 1.25 மீட்டர். "நாம கோலியை அளக்கல, நம்ம விரலைத்தான் அளந்திருக்கோம்" என்றாள் ஒரு மாணவி. அன்றைய பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அவளே இன்னொன்றும் கேட்டாள். கோலியின் முன் விளிம்பு பட்டதும் நேரம் தொடங்குகிறதா, நடுப்பகுதி பட்டதுமா? இரண்டு கதிரிலும் முன் விளிம்பே என்பதால் அந்த வித்தியாசம் கழிந்துவிடும். ஆனால் ஒரே கதிரை வைத்து, கோலியின் விட்டத்தை மறைந்த நேரத்தால் வகுத்து வேகம் காண முயன்றால் சிக்கல். கதிர் கோலியின் மையத்தில் படாமல் 4 மில்லிமீட்டர் மேலே பட்டால், 16 மில்லிமீட்டர் கோலியில் சுமார் 14 மில்லிமீட்டர் பகுதிதான் கதிரை மறைக்கும். வேகம் 15 சதவீதம் அதிகமாகத் தெரியும். பித்தாகரஸ் தேற்றத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டு வாங்கிய நாள் அது.

அடுத்து கோலியை எடுத்துவிட்டு, கதிர்களின் குறுக்கே தங்கள் கையை வேகமாக நீட்டிப் பார்த்தார்கள். அதிவேகக் கை 0.11 வினாடியில் கடந்தது. வினாடிக்கு 1.8 மீட்டர். அதன்பிறகு '2 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது' என்று யாரும் கேட்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு பையன், "டீச்சர், எங்க வீட்டுல மாட்டுக்குத் தட்டு வெட்டுற மிஷின் இருக்கு. அதுல இதை மாட்டலாமா?" என்று கேட்டான். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் கூடாது என்றேன். ஏன் என்று வகுப்பில் பேசினோம். எங்கள் உணரி பழுதாகி 'ஒளி இருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க எங்கள் கருவியில் வழியில்லை. தொழிற்சாலைக்கான பாதுகாப்புத் திரை தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். நிறுத்தக் கட்டளையை இரண்டு தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும். தனக்குள் பழுது என்று தெரிந்தாலே இயந்திரத்தை நிறுத்தும். இரண்டாவது காரணத்தை அந்தப் பையனே சொன்னான். "கரண்ட்டை நிறுத்தினாலும் எங்க மிஷின் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்திட்டே இருக்கும் டீச்சர்." என் மாணவனின் பிரஸ்ஸும் அதுவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

தொடக்க வகுப்புகளுக்கு

மின்னணுக் கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். மூன்றாம் வகுப்பில் இரண்டு நாற்காலிக் கால்களுக்கு இடையே நூல்களைச் சம இடைவெளியில் கட்டுங்கள். பென்சில், அழிப்பான், நோட்டு, உருளைக்கிழங்கு எனப் பல பொருள்களை நூலில் படாமல் நுழைக்கச் சொல்லுங்கள். எது நுழையும், எது நுழையாது, நூலை நெருக்கினால் என்ன ஆகும்? திரையின் நுட்பம் முழுவதும் அந்த விளையாட்டில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் ஸ்கேல் பிடிக்கும் விளையாட்டு. ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விட, மற்றவர் இரண்டு விரல்களால் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் விழுந்த பின் பிடித்தால் சுமார் 0.17 வினாடி, 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.2 வினாடி. பார்த்தவுடன் பிடிக்க யாராலும் முடியாது என்று தெரிந்துகொள்வார்கள். இயந்திரத்துக்கும் அப்படித்தான் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

நிறைவாக

கடந்த ஆண்டு அந்த மாணவனை எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்தேன். வருவானா என்று தயங்கினேன். வந்தான். தன் கையை மறைக்கவில்லை. பிள்ளைகள் சற்று நேரம் அமைதியாக இருந்தார்கள். பிறகு கேள்விகளாகக் கேட்டார்கள். சில இடங்களில் வேலை வேகமாக முடிய வேண்டும் என்று திரையை பைபாஸ் செய்துவிடுவதும் உண்டு என்றான். "அப்படி இருந்தா அந்த மிஷின்ல கை வைக்காதீங்க. தெரியலன்னா கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க. நான் கேட்கல" என்றான்.

என்ன கேட்க வேண்டும் என்பதை அவனும் பிள்ளைகளும் சேர்ந்து மூன்று கேள்விகளாக எழுதினார்கள். அந்தத் தாள் இன்றும் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. கை உள்ளே போனால் இந்த இயந்திரம் அறியுமா? அறிந்தால் நடுவில் நிற்குமா? நிற்பதற்குள் என் கை எங்கே இருக்கும்?

மூன்றாவது கேள்விக்கு விடை ஏழாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பட்டறைக்கும் ஆலைக்கும் போகிறார்கள். 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்பது சட்டம். அதை நாம் உறுதியாகச் சொல்லிக்கொண்டே இருப்போம். ஆனால் 18-க்குப் பிறகும் அவர்களுக்குப் பத்து விரல்கள் வேண்டுமே.

உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். அடுத்தமுறை வேகம் நடத்தும்போது ரயில் கணக்குகளுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள்: "ஓர் இயந்திரம் முழுமையாக நிற்க 0.2 வினாடி ஆகிறது. கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீள்கிறது. விரலை அறியும் ஒளித்திரையைக் குறைந்தது எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?" விடை 40 சென்டிமீட்டர். விடை வந்ததும் நிறுத்திவிடாமல், ஒரு மாணவரை முன்னால் அழைத்து, மேசையில் அந்தத் தூரத்தை அளந்து சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள்.

இந்தச் சுற்றைச் செய்து பார்க்க விரும்புவோர் கூடுகை முடிந்ததும் மேசை அருகே வாருங்கள். கோலியும் பலகையும் இங்கேயே இருக்கின்றன.